ஒரு நூல் கூட மாறாமல்

மச்சான் பெரிய கலைஞனாம். யார் சொன்னது? மச்சானேதான். இரும்புத் தகட்டில் முக்கோணமும் அறுகோணமுமாக ஓர் உருவம், அதன் பக்கங்களில் அவன் எடுத்த போட்டோக்கள். இதுதான் கலை. வெட்டி, வளைத்து, பற்றவைப்பதெல்லாம் அவன் அக்கா புருஷனான வெல்டர். மச்சான் சட்டையில் இதுவரை ஒரு பொறி பட்டதில்லை.

அவன் அளவு எடுக்கிற லட்சணம் இருக்கிறதே! அட்டையில் மாதிரி செய்வான். அதை அளக்கமாட்டான். போட்டோ பிடித்து, அந்தப் போட்டோவில் ஸ்கேலை வைத்து அளப்பான். கிட்டே இருப்பது பெரிசாகவும் தள்ளி இருப்பது சிறிசாகவும் தெரியுமே, அந்தக் கணக்கில் வெட்டினால் ஓரங்கள் எப்படிச் சேரும்? வெல்டர் முதல் தடவையே சொன்னார்.

"மாமா, உங்களுக்கு இதெல்லாம் புரியாது. குடுத்த அளவுல செய்ங்க, போதும்."

எக்கேடோ கெட்டுப் போ என்று வெல்டர் அவன் அளவு எழுதிய தாளை மூலையில் எறிந்துவிட்டு அட்டையை அளந்து செய்தார். பத்து உருவங்களும் அப்படி நின்றவைதான். பெண்டாட்டிக்கு மட்டும் சொல்லியிருந்தார். மரமண்டை மச்சானுக்கு இன்றுவரை தெரியாது.

பத்தாவதுக்கு மச்சான் ஒரு வாக்கு கொடுத்திருந்தான்: "பலகையில உங்க பேரும் வரும் மாமா." வெல்டர் வேறெதுவும் கேட்கவில்லை. அந்தப் பேருக்காகத்தான் கண்காட்சிக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார்.

பலகையில் மச்சான் பேர் மட்டும் இருந்தது. உருவத்தின் நடுப்பக்கத்தில், தீப்பொறி பட்டுக் கறுத்த இரண்டு கைகளின் போட்டோ. கீழே தலைப்பு: 'என் கைகள்'.

"டேய், இது இவரு கைடா! இந்தக் கட்டைவிரல் நகம் போனப்ப கட்டுப் போட்டதே நான்தான்" என்றாள் வெல்டரின் பெண்டாட்டி.

"அக்கா, சும்மா இரு. கலையில கை யாரோடதுங்கிறது முக்கியமே இல்ல."

வெல்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூ, இவனெல்லாம் ஒரு மனுஷன்! அப்போது மச்சான் குழைந்தான்: "மாமா, நகர மண்டப வாசல்ல இருபதடி உருவம் கேட்டிருக்காங்க. திறப்பு விழாவுக்குத் தேதியே குறிச்சாச்சு. நீங்கதான் செய்யணும்."

"செஞ்சுட்டாப் போச்சு. இந்தத் தடவை நீ குடுக்கிற அளவுதான் மச்சான். ஒரு நூல் கூட மாத்தமாட்டேன்."

மச்சான் முகமெல்லாம் பல். "அப்பாடா! இப்பவாவது புத்தி வந்துச்சே" என்று வெல்டர் முதுகில் தட்டினான்.

அக்கா தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். சொல்ல வாயெடுத்தாள். மறுபடி அந்தப் போட்டோவில் கண் போனது. வாயை மூடிக்கொண்டாள்.