ஓநாய் விண்மீனுக்கு நேர் கீழே

நான்காவது மாலையாகச் சம்மேபோங் குன்றின் மேல் வந்து நின்றார்கள். கி-சுன்னுக்கு மூச்சு வாங்கியது. நாளைக் காலை சியோலுக்கு விமானம். வியாழக்கிழமை அவருடைய நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள். அதற்குள் அவர் முதியவர் விண்மீனைப் பார்த்துவிட வேண்டும் என்பது மனைவி ஓக்-சிம்மின் பிடிவாதம். தமிழர்கள் அகத்தியர் என்று சொல்கிற அதே விண்மீன்தான். அதைக் கண்டவருக்கு ஆயுள் நீளும் என்று தீவின் தென்கரை ஊரான சோகுவிபோவில் மீன் விற்கிறவள் முதல் மருந்துக்கடைக்காரர் வரை எல்லோரும் சொல்வார்கள்.

கி-சுன் முப்பது வருடம் பள்ளியில் அறிவியல் நடத்தியவர். அப்படியென்றால் இந்த ஊர் மீனவர்களுக்கெல்லாம் இருநூறு வயது ஆகியிருக்க வேண்டுமே என்று முதல் நாள் கிண்டல் செய்தார். இரண்டாம் நாள் கிண்டல் குறைந்தது. மூன்றாம் நாள், அவள் கூப்பிடுவதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

இரண்டு வாரமாக அவர் வியாழக்கிழமைக்கு அப்பால் எதையும் பேசுவதில்லை. ஆரஞ்சு மரங்களை எப்போது கவாத்து செய்வது என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

மேலே வானம் தெளிவாகத்தான் இருந்தது. வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் மூன்று விண்மீன்கள்; அந்தக் கோட்டை நீட்டினால் வெள்ளையாக எரியும் ஓநாய் விண்மீன். முதியவர் அதற்கு நேர் கீழே, கடலை ஒட்டி இருக்க வேண்டும். அங்கேதான் மேகம். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"ஏங்க, அதோ."

அவள் கை நீட்டிய இடத்தில் ஒற்றை வெளிச்சம்.

கி-சுன் பார்த்தவுடன் தெரிந்துகொண்டார். அவ்வளவு தாழ்வில் இருக்கும் விண்மீனின் ஒளி கனத்த காற்றை ஊடுருவி வர வேண்டும். வருவதற்குள் சிவந்துவிடும், நடுங்கும். இது வெள்ளையாக, அசையாமல் நின்றது. வாளைமீன் பிடிக்கிற ஏதோ படகின் விளக்கு.

"தெரியுதா?" என்று கேட்டாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"தெரியுது."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பிடியில்தான் அவருக்கு உறைத்தது. இவள் படகோட்டியின் மகள். அடுக்களை ஜன்னலில் நின்றபடி, தொலைவில் தெரியும் விளக்குகளை வைத்தே அது யார் படகு என்று சொல்கிறவள். படகு விளக்கை விண்மீன் என்று படம் பிடிக்கும் சுற்றுலாக்காரர்களைப் பார்த்து ஒவ்வொரு குளிர்காலமும் சிரிக்கிறவள்.

அப்போது அந்த வெளிச்சம் இரண்டானது. பிறகு பத்து. கடைசியில் ஒரு வரிசையே எரிந்தது.

ஓக்-சிம் பெருமூச்சு விட்டாள். "என் தம்பிக்கு எப்பவுமே பொறுமை கெடையாது. ஓநாய்க்கு நேர் கீழ நிறுத்து, கால் மணி நேரம் ஒரே விளக்கு போதும்னு சொல்லிவெச்சிருந்தேன்."

கி-சுன் சிரித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டியிருந்தது.

"எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"காட்டின ஒடனே. நட்சத்திரம்னா துடிக்கணும்."

"பின்ன ஏன் தெரியுதுன்னீங்க?"

அவர் கடலைப் பார்த்தார். "நீ நெஜமாவே நம்பிட்டேன்னு நெனச்சேன். ஒனக்காவது நிம்மதியா இருக்கட்டுமேன்னுதான்."

அவள் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்படியானால் பார்க்கவே இல்லை என்றாகிவிட்டதே என்று மெல்லச் சொன்னாள்.

"மேகத்துக்குப் பின்னால இருக்கு. அந்த வெளிச்சம் கெளம்பி முன்னூறு வருஷம் ஆச்சு. நாளைக்கு வர வேண்டியதும், அடுத்த வருஷம் வர வேண்டியதும் எப்பவோ கெளம்பிடுச்சு, ஓக்-சிம். வழியிலதான் இருக்கு."

இறங்கத் தொடங்கினார்கள். அவள் முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு போனாள். பாதிப் படியில் அவர் நின்றார். மூச்சுக்காகத்தான் நிற்கிறார் என்று அவள் நினைத்தாள்.

"இந்த மாசத்தோட சரி, இனிமே சாயங்காலத்துல தெரியாது," என்றார். "அக்டோபர்ல விடியக்காலைல வரும். அப்ப வந்து பாப்போம்."

அவள் திரும்பவில்லை. டார்ச் வெளிச்சம் மட்டும் படிகளின் மேல் துடித்துக்கொண்டிருந்தது.

"விடியக்காலைன்னா குளிரும்," என்றாள் கடைசியில். "கம்பளிக் குல்லா எடுத்துக்கணும்."