பெயிண்டுக்கு அடியில் ஒரு சுழி

புதுச் சாமான் என்றாலே சேதுபதிக்கு எரிச்சல் வரும். அவருடைய மோரிஸ் கார் நாற்பத்தெட்டில் வந்தது. பதிமூன்று வயதான வண்டியின் சக்கரத்துக்குப் புது பிரேக் டிரம் எதற்கு என்று ஜாலான் புசார் கார்ச் சாமான் கடை வரும்வரை மனைவி சந்திரமதியிடம் வாதாடிக்கொண்டே வந்தார். அவளுக்கு ஒன்பதாவது மாதம். அந்தக் காரில்தான் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைக்காரர் இரண்டு டிரம்களை எடுத்து வைத்தார். ஒன்று எண்ணெய்த்தாள் பிரிக்காத புதுசு. மற்றது கறுப்புப் பெயிண்ட் அடித்த பழசு, பாதி விலை.

"பழசுன்னாலும் நல்ல சாமான் லா. இன்னும் பத்து வருஷம் ஓடும்."

"கேட்டியா?" என்றார் சேதுபதி.

சந்திரமதி பழைய டிரம்மைத் தடவிப் பார்த்தாள். ஏதோ கீறல் தட்டுப்பட, பெயிண்டை நகத்தால் சுரண்டினாள். சின்னதாக ஒரு 'உ' தெரிந்தது. எந்தச் சாமானை மாட்டினாலும் முதலில் அதில் பிள்ளையார் சுழி கீறுவது சேதுபதியின் வழக்கம். போன வருஷம் இன்னொரு சக்கரத்திலிருந்து, விரிசல் விட்டதென்று கழற்றி, அவரே பழைய இரும்புக்குப் போட்ட டிரம் அது. விரிசலும் பெயிண்டுக்கு அடியில் அப்படியே இருந்தது.

"உங்க கையெழுத்துதானே?"

சேதுபதி குனிந்து விரிசலைப் பார்த்தார். பிறகு பர்ஸை எடுத்தார்.

"ரெண்டையும் குடுங்க."

"பழசு எதுக்குண்ணே?" என்றார் கடைக்காரர், தலையைக் குனிந்தபடி.

"இத வாங்கிட்டுப் போறவங்க வீட்டுலயும் ஒன்பதாவது மாசமா இருக்கலாம்."