பொய்யன் பலகை

எங்கள் ஊர் அரண்மனையில் இடியாமல் மிச்சமிருப்பது நீதி மண்டபமும், அதைச் சுற்றிய அகழியும், அனாக் அகுங் ஓகா தர்மஜாவும்தான். முதல் இரண்டையும் அரசாங்கம் பழஞ்சின்னம் என்று அறிவித்துப் பலகை நட்டிருக்கிறது. தன்னை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை என்பதில் மூன்றாமவருக்குத் தீராத மனக்குறை.

அவரை நாங்கள் 'குங் அஜி' என்றுதான் அழைக்க வேண்டும். ராஜா பட்டம் அவர் தாத்தாவோடு ஒழிந்தது. ஆனாலும் மனிதர் தெருவில் வந்தால் குடை பிடிக்க ஓர் ஆள் பின்னாலேயே வருவான், வெயில் இல்லாவிட்டாலும். தலைமுடிக்குப் பூசிய சாயம் வியர்வையில் கரைந்து காதோரம் கோடாக இறங்கும். அதைத் துடைக்கவும் அதே ஆள்தான்.

மண்டபம் பிறந்தது பொறாமையில். குங் அஜியின் கொள்ளுத் தாத்தா ஒருமுறை குலுங்குங் அரண்மனைக்கு விருந்துக்குப் போனார். அங்கே நீதி மண்டபத்தின் விதானம் முழுக்க நரகமும் சொர்க்கமுமாக எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, சாப்பிட்ட சோறு செரிக்காமல் திரும்பி வந்தார். நம்மிடம் நெல் குறைவாக இருக்கலாம், நரகம் குறைவாக இருக்கலாமா? அடுத்த அறுவடைக்குள் அதே மாதிரி ஒன்று, அளவில் பாதியாக, எழும்பிவிட்டது. குற்றவாளி கீழே தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். கீழ் வரிசையில் மிருகக் கதைகள். அதற்கு மேலே வீமன் தன் அப்பா பாண்டுவை மீட்க நரகத்துக்குள் புகுந்து, கொப்பரையை உதைத்துக் கவிழ்க்கிறான். உச்சியில் தாமரையும் சொர்க்கமும். சொர்க்கம் ரொம்ப உயரத்தில் இருப்பதால் யாருக்கும் சரியாகத் தெரியாது. நரகம் நன்றாகத் தெரியும்.

துணியில் எழுதிய அந்த விதானத்தை அறுபத்து மூன்றில் அகுங் எரிமலை வெடித்தபோது சாம்பல் தின்றுவிட்டது. மறுபடி மெல்லிய பலகைகளில் எழுதிக் கொடுத்தவர் வாயான் கெரெங் என்ற ஓவியர். விளக்குக் கரியில் கறுப்பு, அவுரியில் நீலம், பன்றி எலும்பைச் சுட்டு அரைத்து வெள்ளை. அரண்மனையில் அப்போது அரிசியே இல்லை. ஆகவே மண்டபத்துக்கு எதிரே இருந்த மனையை, 'நீயும் உன் வம்சமும் வச்சுக்கோ' என்று குங் அஜியின் தாத்தா வாயால் சொல்லிக் கொடுத்தார். ராஜாவின் வாய்க்கு அன்று மதிப்பு இருந்தது. எழுதிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த மனையில் இப்போது இருப்பவர் ஓவியரின் மருமகள் மென் லாஸ்திரி. லாஸ்திரியின் அம்மா என்று அர்த்தம். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். முன்பக்கம் காபிக்கடை, பின்பக்கம் வீடும் குலக்கோயிலும். அந்த மனைதான் குங் அஜிக்கு வேண்டியிருந்தது. மண்டபத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு 'ராஜ விருந்து' போடத் தொடங்கியிருந்தார். கொதிக்கும் கொப்பரைகளுக்கும் ரம்பத்தால் அறுபடும் பாவிகளுக்கும் கீழே, மின்சார மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாத்து வறுவல். அகழியில் பிளாஸ்டிக் தாமரை. வருகிறவர்களின் பேருந்துகளை நிறுத்த இடம் வேண்டும்.

"அது அரண்மனை மண். எங்க வேலைக்காரங்க குடியிருந்த இடம்" என்றார் ஊர்க் கூட்டத்தில்.

"எங்க மாமனார் வேலைக்காரர்னா, உங்க தாத்தா கூலி குடுத்தாரா குங் அஜி? குடுத்திருந்தா எவ்வளவுன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்" என்றார் மென் லாஸ்திரி.

மனை யாருடையது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அரண்மனைப் பந்தியில் கை நனைத்தவர்கள் என்பதால் சாட்சிக்கு மட்டும் ஆள் இல்லை. ஊர்த்தலைவர் சுவாஸ்தா தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் தெய்வத்தின் தலையில் போட்டுவிட்டார். இரண்டு பேரும் நீதி மண்டபத்தில் சத்தியத் தண்ணீர் குடிக்க வேண்டும். எங்கள் ஊர் வழக்கப்படி, குடித்த இருவரும் ஒரே சோற்றுக் குவியலில் கைவைத்துச் சாப்பிட வேண்டும். பந்தி முடிகிறவரை யாரும் எழக் கூடாது. தண்ணீர் உள்ளே தங்க வேண்டும், கக்கியவர் பொய்யர். இருவருக்கும் தங்கிவிட்டால் இரண்டு பேரும் உண்மை சொன்னதாகக் கொண்டு, பழைய பாத்தியதைப்படி மண் அரண்மனைக்கு. இந்தக் கடைசி விதியைச் சேர்த்தது எந்தக் காலத்து ராஜா என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம்.

சத்தியத்தன்று பந்திக்கு இறைச்சி கொத்தும் வேலை எங்கள் குழுவுக்கு. விடியலில் அரண்மனைச் சமையல்கட்டுக்குப் போனோம். பன்றியை முடித்து, இறைச்சியைக் கொத்தி, துருவிய தேங்காயும் மசாலாவும் பச்சை ரத்தமும் விட்டு லாவார் பிசைந்தோம். ஈ என்றால் ஈ, கறுப்புப் போர்வை மாதிரி. வாழையிலை போதவில்லை. என்னோடு கொத்திக்கொண்டிருந்த ஜிந்தார், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த சாம்பல் நிறப் பலகை ஒன்றை இழுத்துவந்து தொட்டியை மூடினான்.

"இதுல எதாச்சும் ஒட்டியிருக்காடா? பூச்சி கீச்சி?" என்றேன்.

"ஈயை விடவா? ரத்தத்துல எல்லாம் கரைஞ்சிடும். நீ கொத்து."

நேரமானதும் மண்டபத்துக்குப் போனோம். குங் அஜி சிங்கம் செதுக்கிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிங்கத்துக்கு ஒரு காது இல்லை. அந்த இடத்தில் பொன் வண்ணம் அடித்த சிமெண்ட். மென் லாஸ்திரி தரையில், குற்றவாளிகளின் இடத்தில். பூசாரி குத்துவாளைத் தண்ணீரில் தோய்த்து மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். சிங்க நாற்காலிக்கு நேர் மேலே, வீமனுக்கும் ரம்பத்துக்கும் நடுவில், ஒரு பலகை அளவுக்கு இருட்டு. உள்ளே வௌவால்கள் தொங்கின. அந்த இடத்தில் இருக்க வேண்டிய படம் எங்களுக்கெல்லாம் மனப்பாடம். பொய்ச் சத்தியம் செய்தவனின் நாக்கைப் பூதம் ஒன்று இடுக்கியால் பிடித்து இழுக்கும் படம். எங்கள் ஓவியத்தில் கெட்டவனுக்கு உருண்டைக் கண்ணும் கோரைப் பல்லும் போடுவார்கள், உயர்குலத்தானுக்கு மெல்லிய கண்ணும் வெளுத்த முகமும். அந்தப் பொய்யனுக்கு மட்டும் கெரெங் மெல்லிய கண்ணும் காதில் பூவும் வைத்திருந்தார். ஏன் என்று அரண்மனை கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதிலும் வந்திருக்கும்.

மென் லாஸ்திரியும் அண்ணாந்திருந்தார். "குங் அஜி, அந்தப் படம் எங்கே?"

குங் அஜி தொண்டையைச் செருமினார். குடைக்காரன் காதோரச் சாயத்தைத் துடைத்தான். "அது டென்பசார் மியூசியத்துக்குப் போயிருக்கு. பெரிய நிபுணர்கள் பாத்துக்கறாங்க. கலைப் பொக்கிஷம்மா அது. உங்களை மாதிரி இல்லே, அரண்மனைக்குக் கலையோட அருமை தெரியும்."

"அந்த ஒண்ணுக்கு மட்டும்தான் உடம்பு சரியில்லையா?"

சிலர் சிரித்தார்கள். குடைக்காரன் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு இருமலாக மாறியது. என் ஊரில் இருமல் அதிகம்.

பொய் சொல்கிறவனைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். பொய்யும் சொல்லி, நரகத்தையும் நம்பி, தலைக்கு மேலே இருக்கும் நரகத்தை மட்டும் கழற்றி வைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைக்கிறவனை என்ன செய்வது? மேலே பலகை இல்லையென்றால் எமனுக்கு முகவரி தெரியாதா? அந்த இருட்டைப் பார்த்துவிட்டுக் கைகூப்பிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான தலைகளைப் பார்த்தபோது, நரகத்தில் இடம் போதுமா என்றே சந்தேகம் வந்தது.

மென் லாஸ்திரி முதலில் குடித்தார். குங் அஜி நாற்காலியில் இருந்தபடியே, "இந்த மண் எங்களுது, என் தாத்தா யாருக்கும் குடுக்கலே. பொய்யா இருந்தா ஏழு தலைமுறைக்கும் விளங்காம போகட்டும்" என்று விருந்தாளிகளை வரவேற்கும் அதே குரலில் சொன்னார். மடக்கென்று குடித்து வாயைக் கைக்குட்டையில் ஒற்றினார். அண்ணாந்து இருட்டைப் பார்த்துப் புன்னகையும் செய்தார்.

பந்தி. மற்றவர்களுக்கு ஆண், பெண் வேறு வேறு குவியல். சத்தியம் செய்த இருவருக்கு மட்டும் ஒரே குவியல். தலைவரும் பூசாரியும், கொத்துக் குழுவில் மூத்தவன் என்று நானும் அதிலேயே. ஜிந்தார் தொட்டியைத் தூக்கிவந்து, மூடியைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டுப் பரிமாறினான். சாம்பல் பக்கம் எங்களைப் பார்த்தது.

குங் அஜி நன்றாகவே சாப்பிட்டார். ஜெயித்தவனின் பசி. "லாவார் பிரமாதம். ரத்தம் புதுசு" என்று என்னைப் பாராட்டினார். உதட்டோரம் சிவப்பாகத் தேங்காய்த் துருவல்.

அப்போது ஒரு சொறிநாய் தூணுக்குப் பின்னால் போய்ப் பலகையை நக்கத் தொடங்கியது. "சீ, போ" என்று ஜிந்தார் காலை ஓங்கினான். நாய் ஓடியது. பலகை எங்கள் பக்கமாகச் சரிந்து, படம் மேலாக விழுந்தது.

மெல்லிய கண். காதில் பூ. இடுக்கி. இழுபட்ட நாக்கின் மேல் ரத்தமும் கொழுப்பும் தேங்காயும் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்க, விளிம்பில் ஆண்டாண்டு கால வௌவால் எச்சம் ஊறிக் குழம்பாகியிருந்தது. நாய் நக்கிய இடம் மட்டும் பளிச்சென்று.

குவியலுக்குப் போன கைகள் பாதியில் நின்றன.

"டென்பசார் நிபுணர்கள் வேலைய சீக்கிரம் முடிச்சிட்டாங்களே" என்றார் மென் லாஸ்திரி.

குங் அஜி குடைக்காரனைப் பார்த்தார். "யாரும் பாக்காத எடத்துல வைன்னு நீங்கதானே குங் அஜி... அரிசி மூட்டைக்குப் பின்னால..." என்றான். எஜமானர் கேட்டால் உண்மை சொல்ல வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள் பாவம்.

மென் லாஸ்திரி கையை நிறுத்தவே இல்லை. ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டு மென்றார். "என்ன எல்லாரும் மூஞ்சிய சுளிக்கிறீங்க? எங்க மாமனார் வெள்ளை வண்ணமே பன்றி எலும்புதான். பன்றியோட பன்றி சேந்துது." கொழுப்புள்ளதாகப் பார்த்து ஒரு பிடி லாவாரை எடுத்துக் குவியலில் குங் அஜியின் பக்கம் வைத்தார். "சாப்பிடுங்க குங் அஜி. பந்தி முடியலே."

கொத்துகிறவர்களுக்கு வயிறு கல். நாங்களும் மெல்ல ஆரம்பித்தோம். ஊரே குங் அஜியின் வாயைப் பார்த்தது. அவர் அந்தப் பிடியை எடுத்தார், வாயில் வைத்தார், மென்றார். ஒருமுறை விழுங்கப் பார்த்தார். கண் பலகைக்குப் போனது. அங்கே ஓர் ஈ நாக்கின் நுனியில் உட்கார்ந்து கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

குங் அஜியின் உருண்டைக் கண்கள் பிதுங்கின. அதுவரை தனக்கு மெல்லிய கண் என்றே அவர் நம்பியிருந்தார். எழுந்தார், ஓடினார், அகழிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். லாவார், சோறு, கடைசியில் தண்ணீர். பிளாஸ்டிக் தாமரைகளுக்கு நடுவே மீன்கள் கூட்டமாக வந்தன.

தலைவர் சுவாஸ்தா மறுபடி தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். இந்த முறை இரண்டு பக்கமும் அதே படம்தான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பூசாரி சுவரோரம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"தண்ணி?" என்றார் தலைவர்.

"தங்கலே" என்றார் பூசாரி.

"அப்போ மண்ணு மென் லாஸ்திரிக்கு" என்று தலைவர் சொன்னபோது, காலையில் இருமிய அதே கூட்டம், தெய்வம் பேசிவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. எந்தத் தெய்வமும் பேசவில்லை. பேசியது ஒரு கோழையின் இரைப்பை. மற்ற யாரும் வாயைத் திறக்காத ஊரில் அதுவாவது திறந்ததே.

பேருந்துகள் இப்போது வயலோரம் சேற்றில் நிற்கின்றன. விருந்தாளிகள் செருப்பைக் கையில் பிடித்தபடி மென் லாஸ்திரியின் கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். பாதிப் பேர் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். பலகையை அவர் தன் கையால் துடைத்துக் கொடுக்க, நானும் ஜிந்தாரும் ஏணி போட்டு மறுபடி மாட்டினோம். நாக்கின் மேல் படிந்த எண்ணெய்க் கறை மட்டும் போகவில்லை. குங் அஜி விருந்தாளிகளிடம் அதைக் காட்டி, இப்படியொரு மினுக்கம் வேறெந்த அரண்மனையிலும் கிடையாது, இது எங்கள் வம்சத்தின் ரகசியக் கலவை என்கிறார். அவர்கள் அண்ணாந்து படம் எடுக்கிறார்கள். எறும்புகள் இன்னும் தூண் வழியாக அங்கே வரிசையாக ஏறிக்கொண்டிருக்கின்றன.