கவிழ்த்துப் பதித்த கல்

சோப்பு விலை ஏறிய வாரத்தில் கல்லறுப்பவன் வீட்டுத் துவைக்கும் கல்லுக்கு உயிர் வந்தது. முதலில் கவனித்தவள் அவன் மனைவி. துணி அலசிய அழுக்குத் தண்ணீர் கல்லின் மேல் நிற்காமல் உள்ளே இறங்குவதும், கொஞ்ச நேரத்தில் விளிம்பிலிருந்த துளைகள் வழியாகத் தெளிந்து வெளியே வருவதும் அவளுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் இன்னும் இரண்டு பக்கெட் துணி மிச்சம் கிடந்ததால் அன்றைக்கு அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கல் வீட்டுக்குப் பின்னாலிருந்த குவாரியில் எடுத்தது. குவாரியை மூடிப் பல வருடமாகிறது. பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கி, கரையை அரித்து அரித்துக் கொல்லைப்புறம் வரை வந்துவிட்டது. அங்கே கிடைக்கும் கல்லில் கிண்ணம் கிண்ணமாக வட்டங்கள் தெரியும். அவற்றைச் சுற்றி வெங்காயத் தோல் போல மெல்லிய வரிகள் ஓடும். பாறையில் இருந்தபோது கல்லின் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதைக் காட்ட, குவாரி ஆட்கள் அதன் விளிம்பில் சிவப்புப் பெயிண்டால் ஓர் அம்புக்குறி போடுவார்கள். பதிக்கிறவன் அம்பு வானத்தைப் பார்க்கும்படி பதிக்க வேண்டும். கல்லறுப்பவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வான். ஆனால் துவைக்கும் கல்லைப் பதித்த அன்று வீட்டில் வாய்த்தகராறு. "ஊருக்கெல்லாம் கல்லு பதிக்கிறீங்க, சொந்த வீட்டுக்குன்னா மட்டும் கை வலிக்குதா?" என்று அவள் கேட்டுவிட்டாள். அவனுக்குச் சுருக்கென்றது. எந்தப் பக்கம் வழவழப்பாக இருந்ததோ அதை மேலே வைத்து, அம்பு பாதாளத்தைப் பார்க்கும்படி பதித்து, சுற்றிலும் சிமெண்டு பூசிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டான். ஆகவே உயிர் வந்ததும் கல் கீழ்நோக்கி வளர்ந்தது.

கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுக்கும் அம்மாள் ஒருவர் கேள்விப்பட்டு வந்து, மண்டியிட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சின்னப் பெண் போலச் சிரித்தார். "இது கடற்பஞ்சுங்க. பவளமெல்லாம் பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி கடலுக்கடியில மலை மாதிரி திட்டு கட்டுனதே இதுங்கதான். தண்ணிய உறிஞ்சி அதுல இருக்கறத தின்னும். தனியா விட்டா செத்ததும் சிதைஞ்சு போயிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிருங்கதான் அது மேல சுண்ணாம்ப ஏடு ஏடா படிய வச்சுக் கெட்டியாக்கும். அது மேல அடுத்த பஞ்சு உக்காரும். கொத்தனாரும் பூச்சு வேலைக்காரனும் மாதிரின்னு வச்சுக்கங்களேன்."

"ஒரு மலை கட்ட எத்தன நாளாகும்?" என்று மனைவி கேட்டாள்.

"லட்சக்கணக்கான வருஷம்."

"எங்களுக்கு மழைக்காலம் வரைக்குந்தாங்க டைம்."

அது உண்மை. சமையலறைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. மழைக்கு முன்னால் தெருவையே காலி செய்யச் சொல்லி அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கல்லறுப்பவன் மறுபேச்சில்லாமல் தான் வேலை பார்க்கும் கல் பட்டறைக்குப் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தான். அவளோ மாட்டவே மாட்டேன் என்று நின்றாள். அவள் பிறந்ததிலிருந்து வாடகை வீடுகளில் வளர்ந்தவள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது, விருந்தாளி வந்தால் இரண்டாம் நாளே வீட்டுக்காரர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, மாட்டுவதற்கு எதுவும் இல்லாமலே எல்லாச் சுவரிலும் ஒவ்வோர் ஆணி அடித்துப் பார்த்தவள் அவள். திரும்பவும் இன்னொருவர் படியேறி நிற்க அவள் தயாராயில்லை.

அவள் கல்லுக்குத் தீனி போட ஆரம்பித்தாள். மூட்டை கட்டிக்கொண்டிருந்த அக்கம்பக்கத்தாரிடம் அழுக்குத் துணிகளைக் கேட்டு வாங்கித் துவைத்தாள். கல் குடித்தது. வாரத்துக்கு ஒரு முழம் கீழே இறங்கி, வீட்டுக்கடியிலும் பரவியது. மண்ணைத் துளைத்துக்கொண்டு பள்ளத்தின் சரிவில் கிண்ணம் கிண்ணமாக எட்டிப் பார்த்தது. பிறகு தண்ணீருக்குள் போய்விட்டது. இவ்வளவு வேகமாக வளரக் கூடாதே என்று நிலவியல் அம்மாள் கவலைப்பட்டார். யாரும் அதைக் கல்லிடம் போய்ச் சொல்லவில்லை. கல்லறுப்பவன் மட்டும் தலையில் அடித்துக்கொண்டான். "கல்ல நம்பி உக்காந்திருக்கியே, உனக்கு மூள கீள இருக்கா? நான் போறேன், நீ வந்தா வா." சொன்னபடியே பாயைச் சுருட்டிக்கொண்டு போனான். அவள் போகவில்லை.

மழை பிடித்துக்கொண்டு நாலாவது நாள் காலையில், மெஷினில் கல் அறுத்துக்கொண்டிருந்தவனிடம் ஒருவர் வந்து தெரு போய்விட்டது என்றார். அவன் மெஷினை நிறுத்தாமலே ஓடினான். வழியெல்லாம் தன்னைத்தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டான். காலியாகக் கிடந்த வீடுகளெல்லாம் பள்ளத்துக்குள் சரிந்திருந்தன. தெரு இருந்த இடத்தில் சேற்றுத் தண்ணீர் நின்றது. அதன் நடுவே அவன் வீடு மட்டும், கல்லிலிருந்து பள்ளத்தின் அடிவரை இறங்கியிருந்த வெள்ளைத் தூண்களின் மேல், எப்போதும் போல நின்றது. கொல்லையில் அவள் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி, உசுரோடதான் இருக்கியா!" என்று கத்தினான். பிறகு அழுதான்.

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

தீயணைப்பு ஆட்கள் நீளப் பலகை ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். அதன் பாதியில் வந்து அவன் நின்றுவிட்டான். பாயைச் சுருட்டிக்கொண்டு போனது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "உள்ள வரட்டுமா?" என்று கேட்டான்.

வீட்டுக்குள் வர யாரும் அவளிடம் அனுமதி கேட்டதே இல்லை. அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டாள். அவசரப்படவில்லை. பிறகுதான் சொன்னாள்: "வாங்க. அந்தச் சட்டையக் கழட்டிக் குடுத்துட்டு வாங்க."

பலகை இருந்த இடத்தில் பிறகு இரும்புப் பாலம் போட்டார்கள். தபால்காரர் முதல் சில நாட்கள் கீழே பார்த்துக்கொண்டே நடந்தார். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டார். கல்லறுப்பவன் இப்போதெல்லாம் பட்டறையில் மெஷினிலிருந்து வழியும் சுண்ணாம்புச் சேற்றுத் தண்ணீரைச் சைக்கிளில் குடம் குடமாகக் கட்டிக் கொண்டுவருகிறான். கொஞ்சம் தாமதமானால் கல்லு காய்ந்து கிடக்கிறது என்று அவள் வாசலிலேயே சத்தம் போடுகிறாள். அவன் நேரே கொல்லைக்குப் போய் ஊற்றுகிறான்.