ஆற்றுக்குத் திரும்பிய சுவர்கள்

ஏறாவூர் மர்சூக் ஆற்றுப் பாட்டைப் பாடினால், அந்தப் பாட்டு எட்டும் தூரத்தில், ஊர் ஆற்று மணலால் கட்டிய சுவரெல்லாம் கரைந்து ஆற்றுக்கே திரும்பிப் போய்விடும். வெளிநாட்டு மேடைகளில் இது நடந்ததில்லை. செனகல் மேளக்காரரோடும் நோர்வே வயலின்காரியோடும் அவன் நாடு நாடாகப் பாடினான். ரொட்டர்டாமில் சனம் எழுந்து நின்று அழுதது. மண்டபத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. அங்குள்ள சுவர்கள் வேறு ஆறுகளுடையவை.

மணல் லொறிகள் தோண்டித் தோண்டி ஆற்றின் அடி தாழ்ந்து, கடலோடு கலந்த வாவியின் உப்புத் தண்ணீர் மேலேறி, வயல் வட்டைகளில் நெல் கருகிய வருடம் அவன் ஊர் திரும்பினான். ஆற்றங்கரைக் கூட்டத்தில், ஒலிபெருக்கியில், ஊரில் முதல் தடவையாக அந்தப் பாட்டைப் பாடினான். விடிந்தபோது லொறிகளின் சொந்தக்காரரான மணல் கொந்தராத்துக்காரர் விஜிதரனின் கொட்டிலில் கூரைத் தகரம் மட்டும் கிடந்தது. சுவர்களின் மணல் எறும்புச் சாரிபோல வீதியோரமாய் ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. உழவர்கள் வெடி கொளுத்தினார்கள். அவன் இன்னும் பாடினான். பாட்டுக்கு இன்னார் சுவர் என்று தெரியாது. விஜிதரன் பாசிக்குடாவில் மரத்தாலும் கண்ணாடியாலும் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். இங்கே தையல்காரி ஒருத்தியின் அறை போனது, பள்ளிக்கூடத்தின் ஒரு பக்கம் போனது, சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகள் வரிசையாகப் போயின.

தங்கை நஸீபா குவைத்தில் பிறர் பிள்ளைகளை வளர்த்து, ஆற்று மணலால் தன் வீட்டைக் கட்டியவள். ஒருநாள் அண்ணனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே குந்தினாள்.

“காக்கா, ஒங்கட பாட்டு நல்ல பாட்டுத்தான். ஆனா இந்த ஊட்ட விட்டா எனக்கு ஒண்டுமில்ல.”

“ஆறு சாகுது புள்ள.”

“ஆத்துக்கு நீங்க இரிக்கீங்க. எங்களுக்கு ஆரு இரிக்கா?”

அன்றோடு பாட்டை விட்டான். கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்த லொறிகள் திரும்பி வந்தன. இரண்டு மாரிக்குள் ஆற்றின் அடி, மணல் தோண்டிய கிடங்குக் குழிகளின் வரிசையாயிற்று. குளிக்கப் போன நஸீபாவின் மகள் நிஸ்றா, முழங்கால் ஆழம் என்று ஊரே அறிந்த துறையில் காலை வைத்தாள். அங்கே அடி இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு வந்தவன் மர்சூக்தான்.

இறந்தவளுக்கான கத்தம் ஓதி முடிந்து சனம் கலைந்ததும், நஸீபா பாய்களையும் சட்டிபானைகளையும் மகளின் பள்ளிச் சட்டைகளையும் முற்றத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

“பாட்டப் படிங்க காக்கா.”

“ஊடு போயிரும்.”

“போகட்டும். அந்தக் கிடங்கு மூடுபடட்டும்.”

அவன் வீட்டுக்குள் நின்று, அந்த வீட்டுக்கு மட்டும் கேட்கும்படி மெல்லப் பாடினான். குரல் உடைந்தும் நிறுத்தவில்லை. சுவர்கள் சத்தமில்லாமல் இறங்கி, வாசலால் வெளியேறின. நஸீபா அவற்றின் பின்னே துறைவரை நடந்து, தண்ணீர் மறுபடி முழங்கால் ஆழத்துக்கு வரும்வரை பார்த்து நின்றாள். மறுகரையில் விஜிதரனின் லொறிகள் மணல் ஏற்றிக்கொண்டுதான் இருந்தன.

இப்போதும் ஏற்றுகின்றன. கிடங்குகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் மர்சூக்கைக் கூப்பிடுகிறார்கள். அவன் போய், அவர்கள் வீட்டுக்குள் நின்று பாடிவிட்டு வருகிறான். தகரக் கொட்டில்களில் குடியிருக்க ஊர் பழகிவிட்டது. பிரதான வீதியில் மணல் குறுக்கே போகும்போது ஆட்டோக்காரர்கள் நிற்பாட்டி, அது கடந்து முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு போகிறார்கள்.