திட்டு வாங்க வந்தவர்கள்

பச்சையம்மாள் கண்ணைத் திறந்தபோது யாரோ ஒரு ஆள் அவள் காலைக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தார். பின்னால் அவர் மனைவியும் பிள்ளைகளும் கும்பிட்ட கையோடு நின்றார்கள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டீக்கடை போட்டுப் பிழைக்கிறவள் காலில் விழ இவர்களுக்கு என்ன கேடு வந்தது? பாதித் தியானத்தில் திடுக்கிட்டு எழுந்த எரிச்சல் வேறு. "யோவ், எழுந்திரிய்யா! கண்ணு இன்னா பின்னாடியா இருக்குது? மலை அந்தாண்ட இருக்குது, அங்க போய் விழு! டீக்கடைக்காரி கால்ல வந்து விழுறான் பாரு, கூறு கெட்டவன்!" என்று ஒரு கத்து கத்தினாள். அந்த ஆள் எழுந்தார். ஆந்திராக்காரர். கண்ணெல்லாம் தண்ணீர். "இன்னும் கொஞ்சம் திட்டண்டி, அம்மா" என்று கையேந்தினார். போகும்போது ஒரு சீப்பு வாழைப்பழத்தை பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்.

திருவண்ணாமலையில் இது ஒரு வம்பு. கண்ணை மூடிப் பேசாமல் உட்கார்ந்திருந்தால் சாமியார். கண்ணைத் திறந்து கண்டபடி திட்டினால் பெரிய சாமியார். சித்தர் வாயால் வசவு வாங்கினால் பிடித்த பீடை விலகும் என்று நம்பி, அடித்தாலும் உதைத்தாலும் நிற்கிற கூட்டம் ஒன்று எப்போதும் மலையைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது அன்றைக்கு இவள் கடைக்கு வழி கண்டுபிடித்துவிட்டது.

பச்சையம்மாள் சாமியாரும் இல்லை, சாமியார் வீட்டுக்குப் பக்கத்து வீடும் இல்லை. அவள் வாய்தான் பிரசித்தம். பால்காரர் முதல் கரண்ட் ஆபீஸ் ஆள் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் கிடையாது. அந்த வாயால்தான் மருமகள் தேவிப்ரியா வீட்டை விட்டுப் போனாள். முழுகாமல் இருந்த பெண், மசக்கையில் அசந்து தூங்கிவிட்டது. கடையில் அத்தனை பேர் டீ குடித்துக்கொண்டிருக்க, "மகாராணிக்கு இப்பதான் விடிஞ்சுதா?" என்று ஆரம்பித்து, அவளைப் பெற்றவர்கள் வரைக்கும் இழுத்துப் பேசிவிட்டாள் இவள். தேவிப்ரியா ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அந்த வாரமே மகன் சுரேஷ்குமார் வேங்கிக்காலில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டான். "உன் வாயி அடங்குச்சுன்னா சொல்லும்மா, கூட்டினு வரேன். அதுவரைக்கும் நீ வராத. கொழந்த பொறந்தாலும் வராத" என்று சொல்லிவிட்டுப் போனான். பெற்ற பிள்ளை சொன்ன சொல். ஈரக்குலை அறுந்தாற்போல் இருந்தது அவளுக்கு. மறுநாள் அடுப்படியிலேயே தலைசுற்றி விழுந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் பிரஷர் ஜாஸ்தி என்று மாத்திரை கொடுத்து, யோகா டாக்டர் வினோதினியிடமும் அனுப்பி வைத்தார்கள். "கண்ண மூடி உக்காந்து, மூச்சு போறதையும் வர்றதையும் பாருங்கம்மா. வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்றார் டாக்டர்.

"மூச்ச நான் பாத்துனு இருந்தா அடுப்ப யாரு பாக்குறது?"

"அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடி பாருங்க" என்று சிரித்தார் அவர்.

எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்து, ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துக் கண்ணை மூடி உட்காருகிறவர்களைப் பார்த்து, வேலை வெட்டி இல்லாத ஜனங்கள் என்று ஆயுசு முழுக்கச் சிரித்தவள் அவள். தானே உட்கார்ந்தபோதுதான் அது எத்தனை பெரிய வேலை என்று புரிந்தது. கண்ணை மூடினால் சர்க்கரை தீர்ந்துபோனது ஞாபகம் வரும். கடன் சொல்லிப் போனவன் முகம் வரும். பதில் பேசாமல் நின்ற தேவிப்ரியா முகம் வரும், அழுகையும் கூடவே வரும். அதையெல்லாம் விட்டுவிட்டு மறுபடி மூச்சுக்கு வர வேண்டும். வீம்புக்காரி, விடவில்லை. மாதம் ஒன்று போனதும் பின்கழுத்து வலி விட்டது. படுத்தால் தூக்கம் வந்தது. பிரஷர் இறங்கியிருக்கிறது என்று பெரியாஸ்பத்திரி டாக்டரே மாத்திரையைக் குறைத்தார். ஆனால் அவளுக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. முன்பெல்லாம் கத்தி முடித்த பிறகுதான் கோபம் வந்ததே தெரியும். இப்போது அது வயிற்றில் கிளம்பி நெஞ்சுக்கு ஏறும்போதே, 'வந்துட்டியா, வா' என்று பார்க்க முடிந்தது. பார்த்தாலே அதற்குப் பாதி வலு போய்விடுகிறது.

அந்த நேரத்தில்தான் இந்த வாழைப்பழக் கூத்து. மறுநாள் நான்கு பேர் வந்தார்கள், அடுத்த நாள் ஒரு வேன். புருஷன் கோதண்டராமன் பெஞ்சின் மேல் பாய் விரித்து ஊதுபத்தி ஏற்றிவிட்டார். "ரெண்டு வார்த்த திட்டேன்டி. உனக்கு இன்னா புதுசா? என்னை எத்தினி வருஷமா திட்டுற, ஒரு சீப்பு பழம் குடுத்திருப்பனா? இவங்க குடுக்குறாங்க" என்றார்.

பச்சையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. ஊர் உலகமே அவள் வசவுக்கு வரிசையில் நிற்கிறது. அந்த வசவு ஆகாத மருமகள்தான் அவளுக்கு வேண்டும். அன்றைக்கே மகனுக்குப் போன் போட்டாள். "பௌர்ணமிக்கு அவள கூட்டினு வாடா. வாயி அடங்கிடுச்சு. கூட்டத்துல வந்து நின்னு பாக்கச் சொல்லு." அவள் குரலில் கொஞ்சம்கூடத் தயக்கம் இல்லை.

பௌர்ணமி சாயங்காலம் பாதை முழுக்க வெறுங்கால்கள். கடை முன்னால் ஒரு கூட்டம், 'எப்ப திட்டுவாங்க?' என்று காத்து நின்றது. எதிர்ப்பக்கம் கரண்ட் கம்பத்தடியில் தேவிப்ரியா நிற்பதைப் பச்சையம்மாள் பார்த்துவிட்டாள். வயிறு மேடிட்டிருந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குள் ஒரு தடித்த ஆள் "தாயே!" என்று விழுந்தான். விழுந்தவன் தோள் மேசையில் இடித்து, அப்போதுதான் காய்ச்சி இறக்கிய பால் அண்டாவோடு கவிழ்ந்தது. அன்றைய வியாபாரத்துக்கு வைத்திருந்த மொத்தப் பாலும் மண்ணில் ஓடியது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

வந்தது. வயிற்றில் கிளம்பி, நெஞ்சைத் தாண்டி, நாக்கு நுனிக்கே வந்து நின்றது. பச்சையம்மாள் கண்ணை மூடினாள். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. இன்னொரு தடவை போனது, வந்தது.

"எழுந்திருப்பா" என்றாள். "சுட்டுடுச்சா? கைய காட்டு, தண்ணி ஊத்துறேன்."

"திட்டுங்க தாயே..."

"பாலு கொட்டிடுச்சு, அவ்ளோதான். நான் டீக்கடைக்காரிப்பா. நல்லபடியா மலைய சுத்திட்டு வீடு போய்ச் சேரு."

கூட்டம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. "சாதா அம்மாதான்டா" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் கலைந்து போனார்கள். கோதண்டராமன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாயைச் சுருட்டினார். சுரேஷ்குமார் வந்து அம்மாவை ஒரு நிமிடம் பார்த்தான், பிறகு பால் பாக்கெட் வாங்கப் போனான்.

தேவிப்ரியா மெல்ல நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பச்சையம்மாளோ, பக்கத்தில் உட்காரலாமா என்று தெரியாமல் நின்றாள்.

"உக்காருங்க அத்த." பச்சையம்மாள் உட்கார்ந்ததும், "உண்மைய சொல்லுங்க. வாயி வரைக்கும் வந்துச்சா, இல்லியா?"

"வந்துச்சு."

"இன்னா வந்துச்சு?"

பச்சையம்மாள் அந்தாண்டை இந்தாண்டை பார்த்தாள். பிறகு குனிந்து மருமகள் காதில் அதைச் சொன்னாள், ஒரு எழுத்துக்கூட விடாமல்.

தேவிப்ரியா ஒரு கணம் வாயைப் பிளந்தாள். அப்புறம் வெடித்தது சிரிப்பு. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையை மாமியார் தோளில் சாய்த்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. பாதைக்கு அந்தப் பக்கம், பால் பாக்கெட்டுகளோடு திரும்பிக்கொண்டிருந்த சுரேஷ்குமார் அதைப் பார்த்துவிட்டான். பொண்டாட்டி அழுகிறாள், வயிற்றைப் பிடித்திருக்கிறாள், பக்கத்தில் அம்மா. முகம் வெளுத்துப்போய், பாக்கெட்டுகளை மார்போடு அணைத்தபடி, கிரிவலம் போகிறவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு அவன் ஓடி வந்தான்.