அளவுச் சட்டை

உச்சிப்பொழுது சாய்வதற்குள் கதிரவனைக் கருமுகில் விழுங்கிவிட, மழையையும் பொழியாது காற்றையும் விடாது வானம் ஊரின்மேல் கவிந்து கிடந்த அந்நாளில், துணிக்கடைத் தெருவின் கோடியிலிருந்த தையற்கூடத்தில் விளக்குகளை முன்னதாகவே ஏற்றியிருந்தனர். பொறிகளின் ஓசை, கூரைமேல் ஓயாது விழும் ஆலங்கட்டியின் ஓசைபோல் சுவர்களில் மோதி மீண்டுகொண்டிருந்தது. சாளரத்தோரம் அமர்ந்து, நூல்நுனியை நாவால் நனைத்து ஊசியில் கோத்துக்கொண்டிருந்த தையற்காரி, தன் வீட்டின்மேல் கவிந்துவந்த இருளை இன்னும் அறியாள், அன்பரே.

மணமகளுக்குரிய பொன்னிழைப் பட்டுத்துணியையும், அளவு பார்ப்பதற்கென ஒரு பழைய சட்டையையும் அவள்முன் வைத்தாள் கூடத்தின் தலைவி. சட்டையை விரித்துத் தடவிச் சென்ற தையற்காரியின் விரல்கள் அக்குளருகே வந்ததும் நின்றன. மகள் வளர வளர இறுகிய அவ்விடத்தைப் பிரித்து, ஒட்டுத்துணி வைத்துத் தைத்தவள் அவளே. பதினைந்தும் நிரம்பாத மகளின் சட்டை அது. கொடியிலிருந்து காணாமற்போனதை, காற்றடித்துக்கொண்டு போயிருக்கும் என்று கணவன் சொல்லி மழுப்பிய சட்டை.

“யாருக்குக்கா இது?” என்றாள், குரலை அடக்கிக்கொண்டு.

“தெரியலம்மா. மாப்பிள்ளை வீட்டு ஆளு கொண்டாந்து குடுத்தாரு. சின்னப் பொண்ணு போல. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் பொண்ணோட அம்மாவுக்கே சொல்லுவாங்களாம். நாளைக்கே வேணுமாம், கையை வேகமா ஓட்டு.”

தன் மகவின் கழுத்துக்குரிய சுருக்கைத் தன் கையாலேயே திரிக்கப் பணிக்கப்பட்டவள்போல் பட்டுத்துணியைத் தள்ளிவைத்தாள் தையற்காரி. பின், கத்தரியைக் கீழே வைத்து, “கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்க்கா” என்று மட்டும் சொல்லி எழுந்தாள்.

பள்ளியில், பாலங்கட்டும் கல்வி பயிலப்போவதாகத் தோழியரிடம் ஓயாது சொல்லித் திரியும் அம்மகள், தாயைக் கண்டு வியந்தாள். “அப்பா சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்னாரும்மா. அத்தை வீட்டுல விசேஷமாம். உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு.”

மணப்பெண்ணுக்கான அளவாகத் தன்முன் வந்த சட்டையைத் தாய் சொல்லிமுடிக்க, கேட்டுநின்ற தலைமையாசிரியை உடனே சிறார்நல அலுவலரைத் தொலைபேசியில் அழைத்தாள். அவர் வந்துசேருமுன்பே வாயிலில் வண்டியொன்று வந்து நின்றது. இறங்கிய தந்தையின் பின்னே முன்பின் அறியாத ஆடவர் இருவர், வாங்கிய பொருளை எடுத்துச்செல்ல வந்தவர்போல் நின்றனர்.

“வழியை விடு. என் பொண்ணுக்கு நல்லது கெட்டது எனக்குத் தெரியும்.”

“பெத்தவர்னுதான் இன்னும் மரியாதையா கேக்குறேன். திரும்பிப் போயிடுங்க” என்றாள் தாய், இரு கைகளாலும் கதவின் கம்பிகளைப் பற்றியவாறே.

அவள் தோளுக்குப் பின்னிருந்து மகளின் குரல் எழுந்தது. “நான் வரலப்பா. எனக்குக் கல்யாணம் வேணாம். நான் படிக்கணும்.” குரல் நடுங்கிற்று, ஆயினும் ஒருசொல்லும் குறையவில்லை.

அலுவலரின் வண்டி தெருமுனையில் திரும்பியதும் ஆடவர் இருவரும் நழுவினர். தந்தை மட்டும் நின்று, தாயை ஏற இறங்க நோக்கி, “வீட்டுக்கு வருவேல்ல” என்று மெல்லச் சொல்லிவிட்டு நடந்தான்.

அவள் அவ்வீட்டிற்கு மீளவில்லை. மகள் மாணவியர் விடுதியில் சேர்ந்தாள். தாய் தையற்கூடத்தின் பின்னறையில் தங்கி, தெருவில் எக்காலடி கேட்பினும் தையலை நிறுத்திச் செவிசாய்ப்பவளானாள். மகள் பிற்காலத்தில் தான் விரும்பிய கல்வியையே பயின்றாள் என்பது உண்மை. அதைச் சொல்லி இக்கதையை இனிதே முடிக்க என் நெஞ்சும் விழைகின்றது. ஆயின் குறித்த நாளில் அத்திருமணம் நின்றுவிடவில்லை. வேறொரு தெருவில், வேறொரு சிறுமியை அந்த மாப்பிள்ளை வீட்டார் கண்டுகொண்டனர். அச்சிறுமியின் தாய்க்கு எல்லாம் முடிந்தபின்னரே சொன்னார்கள். அச்சிறுமி என்ன படிக்க விரும்பினாள் என்பதை, அன்பரே, இன்றளவும் எவரும் கேட்டறிந்திலர்.